பேச்சுக் கிண்ணம் வாங்கிய பிள்ளைக்கு எந்தப் படிப்பு? மாஸ்காமா, விவாத மேடையா?

மலேசியாவில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் யு.பி.யு காலம் வந்துவிட்டால் நம் வீடுகளில் இந்தப் பேச்சு தவறாமல் எழும். "பையன் தமிழ்ப்பள்ளியிலிருந்தே பேச்சுப் போட்டியில் கிண்ணம் வாங்குகிறவன், மாஸ்காம் போட்டுவிடலாமா?" என்று அம்மா கேட்பார். மின்னல் எஃப்.எம் அறிவிப்பாளர் யாரையாவது உதாரணம் காட்டி, "தாராளமாகப் போடு" என்பார் மாமா. நன்றாகப் பேசுவதும் மாஸ்காம் என்கிற தொடர்புத்துறையைப் படிப்பதும் ஒன்றுதான் என்று இருவரும் நினைத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் தவறு தொடங்குகிறது.

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ படிக்க நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு உண்மையில் நான்கு வழிகள் இருக்கின்றன: அரசுப் பல்கலைக்கழகத்தில் தொடர்புத்துறை, தனியாரிடம் அதே படிப்பு, மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை, அப்புறம் வேறு ஏதாவது ஒரு பட்டம் படித்துக்கொண்டே விவாதக் குழுவிலோ டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றத்திலோ பேசிப் பழகுவது. கடைசி வழியைப் பெரும்பாலான வீடுகள் கணக்கிலேயே எடுப்பதில்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

முதலில் பினாங்கில் இருக்கும் யு.எஸ்.எம் என்கிற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். 1969-இல் உருவான, நாட்டின் இரண்டாவது பல்கலைக்கழகம். மிண்டனில் முன்பு பிரிட்டிஷ் ராணுவ முகாமாக இருந்த குன்றுதான் அதன் வளாகம். அங்குள்ள தொடர்புத்துறைப் பள்ளி பழையது, பெயர் பெற்றது. இதழியல், ஒலிபரப்பு, திரைப்படம், விளம்பரம், மக்கள் தொடர்பு என்று பரந்த படிப்பு. ஆனால் கிண்ணம் வாங்கிய பிள்ளை அங்கே போனதும் கொஞ்சம் திகைத்துப்போகும். மேடைப் பேச்சு என்பது பல பாடங்களில் ஒன்று, அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் கோட்பாடு, ஆய்வு முறை, செய்தி எழுத்து, ஊடகச் சட்டம். 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இருவர் சேப்பல் ஹில் என்ற ஊரில் ஓர் ஆய்வு செய்தார்கள். பத்திரிகைகள் எதற்கு இடம் கொடுத்தனவோ அதையே வாக்காளர்களும் முக்கியம் என்று நினைத்தார்களா என்று ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு அது. உலகெங்கும் தொடர்புத்துறை மாணவர்கள் அதைப் படித்தாக வேண்டும். அதைப் படித்துவிட்டுக் கேள்வித்தாள் தயாரித்து, பதில்களைக் கணினியில் ஏற்றி, அட்டவணை போட வேண்டும். பேசப் பிடித்தவர்கள் எல்லாருக்கும் இது பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

இந்தப் படிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1948 தேச நிந்தனைச் சட்டம், 1984 அச்சகங்கள் வெளியீடுகள் சட்டம், இணையத்தில் தகாத பதிவுகளைக் குற்றமாக்கும் 1998 தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு ஆகியவற்றைப் படித்தவர் மைக்கைப் பிடிக்கும் விதமே வேறு. (ஃபேஸ்புக்கில் நேரலை போடும் நம் ஆட்கள் சிலருக்கு அந்த ஒரு பாடத்தை மட்டுமாவது கட்டாயமாக்கலாம்.) செய்தி அறைக்கோ, நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவுக்கோ, ஆய்வுக்கோ போக நினைப்பவருக்கு இதைவிட நல்ல இடம் வடக்கில் இல்லை. கட்டணமும் தனியாருடன் ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ள வேண்டும்: எழுத்தும் பேச்சும் பெரும்பாலும் மலாயில் நடக்கும். எஸ்.டி.பி.எம் என்ற பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வை முடித்து வருபவருக்கு அது பழகிய மொழிதான். ஆங்கிலத்தில் மட்டும் மேடையேறிய பிள்ளை முதல் ஆண்டு தடுமாறும்.

தனியார் பக்கம் வந்தால் படம் மாறுகிறது. பினாங்கில் பெயரிலேயே தொடர்பைச் சுமக்கும் ஹான் சியாங் தொடர்புப் பல்கலைக்கழகக் கல்லூரி இருக்கிறது. கோலாலம்பூரில் செத்தாப்பாக்கில் தார் யு.எம்.டி, அதற்குத் தஞ்சோங் பூங்காவில் கிளையும் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் இன்னும் எத்தனையோ. பெரும்பாலும் ஆங்கிலம், வகுப்புக்கு வகுப்பு எழுந்து நின்று பேசும் படைப்பு, கேமராவும் ஸ்டூடியோவும். பேசும் வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் பல இடங்களில் மூன்றாண்டுக் கட்டணம் பத்தாயிரக்கணக்கான வெள்ளிக்கு (ரிங்கிட்) போகும். பி.டி.பி.டி.என் என்ற அரசு உயர்கல்விக் கடன் கிடைக்கும், திருப்பிக் கட்டவும் வேண்டும். தொடர்புத்துறையில் தொடக்கச் சம்பளம் அப்படியொன்றும் அள்ளிக் கொடுப்பதில்லை. யு.எஸ்.எம்மில் இடம் கிடைத்தும் பளபளப்பான ஸ்டூடியோவைப் பார்த்துத் தனியாருக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. இடம் கிடைக்காதபோது கட்டணம் குறைவான ஒன்றைத் தேடிப் போகலாம்.

தமிழில்தான் பேச வேண்டும், தமிழில்தான் பிழைக்க வேண்டும் என்பவருக்கு மலாயாப் பல்கலைக்கழகம். 1956-இல் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறையில் தமிழைத் தமிழிலேயே படிக்கலாம். வளாகத்தில் தமிழ்ப் பேரவையும் உண்டு. ஆனால் சந்தை சுருங்கிவருவதையும் மறைக்கக் கூடாது. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுவிட்டது. அரசு ஒலிபரப்பான ஆர்.டி.எம், பெர்னாமா செய்தி நிறுவனம், ஆஸ்ட்ரோ தொலைக்காட்சி, மிச்சமிருக்கும் நாளிதழ்கள் என்று எண்ணினால் தமிழில் ஊடக வேலை தரும் இடங்கள் கைவிரலுக்குள் அடங்கிவிடும். ஆசிரியர் பணியையும் மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம் குறையும்.

இனி நான்காவது வழி. நம் தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டி எப்படி நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆசிரியர் எழுதித் தருவார், பிள்ளை மனப்பாடம் செய்யும், கையை எங்கே உயர்த்த வேண்டும் என்பதுகூட ஒத்திகையில் முடிவாகியிருக்கும். குரலுக்கும் துணிச்சலுக்கும் அது நல்ல அடித்தளம். ஆனால் பல்கலைக்கழகம் போகுமுன் எழுதும் மூயெட் ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பிரிவிலேயே அது உடைந்துவிடும். தலைப்பைப் பார்த்துச் சில நிமிடங்களில் பேச வேண்டும், பிறகு மற்றவர்களோடு கலந்துரையாட வேண்டும். மனப்பாடம் அங்கே உதவாது.

பல்கலைக்கழக விவாதம் அதைவிடக் கடுமை. பிரிட்டிஷ் நாடாளுமன்ற முறையில் இருவர் கொண்ட நான்கு அணிகள் மோதும். தலைப்பு தந்த 15 நிமிடத்தில் மேடை. ஆளுக்கு 7 நிமிடம். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் போக, நடுவில் எதிரணி எழுந்து குறுக்கே கேள்வி கேட்கலாம். எந்தப் பக்கம் பேசுவது என்பதும் நம் கையில் இல்லை. இப்படி இரண்டு ஆண்டு பழகியவரை நேர்முகத் தேர்வில் மடக்குவது கஷ்டம். 2015-இல் உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டியையே நம் நாட்டில் யு.ஐ.டி.எம் என்ற அரசுப் பல்கலைக்கழகம் நடத்தியது, அந்த அளவுக்கு இங்கே இந்தக் கலை வேரூன்றியிருக்கிறது. குறையும் உண்டு. விவாதக்காரர்கள் மூச்சு விடாமல் வேகமாகப் பேசுவார்கள். நடுவருக்குப் புரிந்தால் போதும் என்ற பழக்கம் வந்துவிடும். கோயில் மண்டபத்தில் அதே வேகத்தில் பேசினால் பாட்டிமார் எழுந்து பிரசாத வரிசைக்குப் போய்விடுவார்கள்.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் இதற்கு நேர் எதிர். முதல் உரை 4 முதல் 6 நிமிடம், உங்களைப் பற்றியே. முன்னறிவிப்பில்லாத தலைப்பில் 1 முதல் 2 நிமிடம். பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு நேரத்தைக் காட்டும். "ஆ", "வந்து" என்று இழுப்பதை எண்ணுவதற்கென்றே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து எது நன்றாக இருந்தது, எதைத் திருத்தலாம் என்று சொல்வார். 2014-இல் அதன் உலக மாநாடு கோலாலம்பூரில்தான் நடந்தது. இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாராச்சி உலகப் பேச்சு வாகையர் பட்டம் வென்றது அந்த மேடையில்தான். என் மனத்தாங்கல் ஒன்றே: சில மன்றங்களில் எல்லாரும் எல்லாரையும் பாராட்டிக்கொண்டே இருப்பார்கள். கறாரான விமர்சகர் இருக்கும் மன்றமாகப் பார்த்துச் சேர வேண்டும்.

ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால், படிக்கும் காலத்தில் விவாதம், வேலைக்குப் போன பிறகு டோஸ்ட்மாஸ்டர்ஸ். விவாதக் குழுவுக்கு வயதும் வளாகமும் வேண்டும், இரண்டும் திரும்பி வராது. டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம் நாற்பது வயதிலும் வரவேற்கும்.

ஆகவே பிள்ளைக்குச் செய்தியில், விளம்பரத்தில், மக்கள் மனம் எப்படி மாறுகிறது என்பதில் ஆர்வம் இருந்தால் தொடர்புத்துறை, அதிலும் முதலில் யு.எஸ்.எம். மேடை மட்டும்தான் ஆசை என்றால் சட்டமோ கணக்கியலோ உயிரியலோ எது பிடிக்கிறதோ அதைப் படிக்கட்டும், மாலையில் விவாதப் பயிற்சிக்குப் போகட்டும். பேச ஒரு பொருள் கையில் இருக்கும்.

ஊர் பற்றியும் ஒரு வார்த்தை. தொழிற்பயிற்சிக்கு ஆர்.டி.எம் இருக்கும் அங்காசாபுரியும் ஆஸ்ட்ரோ இருக்கும் புக்கிட் ஜாலிலும் இருப்பது கோலாலம்பூர் பக்கம். பினாங்கில் ஒளிபரப்பு வாய்ப்பு குறைவு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளின் நிறுவனத் தொடர்புப் பிரிவுகள், பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகள் என்று தேட வேண்டியிருக்கும். வாடகை மிச்சமாகும் என்பதற்காக மட்டும் பினாங்கைத் தேர்ந்தெடுப்பவர்கள், கடைசி செமஸ்டரில் கோலாலம்பூரில் சில மாதம் அறை எடுக்கும் செலவையும் இப்போதே சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.