சீகாங்கை ஆழமாகப் படிக்க ஒரு நல்ல புத்தகம்
மார்த்தாண்டம் பக்கம் வர்ம ஆசான்களைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு மூச்சு, நாடி என்ற பேச்செல்லாம் புதிதில்லை. ஆனாலும் சீகாங்குக்கு (மூச்சு, மெதுவான அசைவு, மன ஒருமை மூன்றும் சேர்ந்த சீனப் பயிற்சி) உருப்படியான புத்தகம் தேடி, களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் வரை கடை கடையாக ஏறி இறங்கினாலும் படம் போட்ட உடற்பயிற்சிப் புத்தகங்கள்தான் கைக்கு வருகின்றன. கடைசியில் ஆன்லைனில் வாங்கினேன்: யாங் ஜ்விங் மிங் எழுதிய 'தி ரூட் ஆஃப் சைனீஸ் சீகாங்', 1989இல் வந்தது. ஆங்கிலம்தான், ஆனால் அருமை. உடல், மூச்சு, மனம், சீ (உடலில் ஓடுவதாகச் சீனர்கள் சொல்லும் உயிராற்றல்), ஆன்மா என்று ஒவ்வொன்றையும் சீராக்குவது பற்றிய பகுதிக்காகவே வாங்கலாம். அதைப் படித்த பிறகு சும்மா நிற்கும்போதுகூடத் தோள் எங்கே இறுகுகிறது, முழங்கால் எப்போது விறைக்கிறது, அந்த நேரத்தில் மூச்சு எப்படி மேலேறி நெஞ்சோடு நின்றுவிடுகிறது என்றெல்லாம் பிடிபட ஆரம்பித்தது. சீ ஓடும் வழிகளாகச் சொல்லப்படும் 12 முதன்மை நாடிகள், 8 சிறப்பு நாளங்கள் வரும் இடம் கொஞ்சம் வறட்சி, பென்சிலோடு உட்காருங்கள். சரி, அசைவுகள்? இது பெரும்பாலும் கோட்பாட்டு நூல். அதனால் பா துவான் ஜின் என்ற எட்டு அசைவுகளுக்கு அவரே எழுதிய சின்னப் புத்தகத்தையும் சேர்த்து வாங்கிவிடுங்கள், பக்கத்தில் ஆசான் இல்லாதவர்கள் கட்டாயம்.