டூகஸ் தளம்: வயல் பெயர் சேகரிப்பவர்களுக்கு ஒரு மதிப்புரை

செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் வயல் பெயர்களையும் பழைய மண்மேடுகளையும் தேடி அலைகிற சென்னைக்காரர்கள் ஒருமுறையாவது டூகஸ் தளத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அயர்லாந்தின் தேசிய நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பை இலவசமாகப் படிக்கலாம். ஆங்கிலம், ஐரிஷ் இரண்டே மொழி.

நமக்கு வேண்டியது அதிலுள்ள 'பள்ளித் தொகுப்பு'. 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 பள்ளிகளின் பிள்ளைகள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதியது. எழுதிய பிள்ளை யார், சொன்னவர் யார், எந்த ஊர் என்ற விவரமும் பல பக்கங்களில் இருக்கிறது. இதன் உயிரே அந்த விவரம்தான்.

தலைப்புப் பட்டியலில் 'ஃபேரி ஃபோர்ட்ஸ்' (தேவதைக் கோட்டைகள்) எடுங்கள். பண்ணை நிலத்தில் வட்டமான மண்கரை, அதன் வெளியே பள்ளம்: பெரும்பாலும் முற்கால இடைக்காலத்து விவசாயக் குடும்பங்களின் வீட்டு வளாகங்கள் இவை. நாடு முழுக்க 40,000-க்கு மேல். அங்கே மண்ணை வெட்டினால், முள்மரத்தைத் தொட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்ற பயம் பல மேடுகளைக் கலப்பையிடமிருந்து காப்பாற்றியிருக்கிறது. மேடு கரைந்த இடத்திலும், இந்த வட்டக் கரையைக் குறிக்கும் 'லிஸ்', 'ராத்' என்ற ஐரிஷ் சொற்களில் தொடங்கும் ஊர்ப்பெயர் நிற்கும்.

தேடும்போது 'ஃபோர்ட்' மட்டும் போதாது. 'ஃபோர்த்' என்றும் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். பழைய ஐரிஷ் எழுத்தில் மெய்யின் தலையில் புள்ளி இருந்தால், இன்று அதே எழுத்தோடு 'எச்' சேர்த்து எழுதுகிறார்கள். இது தெரியாவிட்டால் கையெழுத்துப் பக்கத்தில் 'ராத்' கண்முன்னே இருந்தும் பிடிபடாது.

கதையோடு நின்றுவிடாதீர்கள். சொன்னவரின் ஊர்ப்பெயரை லோகனிம் இடப்பெயர்த் தளத்தில் பாருங்கள். ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. மாவட்டத்தையும் பங்கையும் (பாரிஷ்) முதலில் சரிபார்க்காவிட்டால் வேறெங்கோ போய் நிற்பீர்கள். பள்ளி இருந்த ஊரையே மேடு இருந்த ஊராக எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கும் தவறு. பிறகு 1829–1842 காலத்து, மைலுக்கு ஆறு அங்குல அளவிலான சர்வே வரைபடத்தில் வட்டக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு குறை: தனித்தனி வயல் பெயர்கள் சிதறித்தான் கிடைக்கும். சர்வே வரைபடங்களும் பெயர் தருவதில் பெரும்பாலும் 'டவுன்லேண்ட்' (பல வயல்கள் அடங்கிய சிறு நிலப்பிரிவு) அளவோடு நின்றுவிட்டன. நம் சிட்டாவிலும் புலப்படத்திலும்கூட சர்வே எண்தானே இருக்கிறது, 'மேட்டுக்கொல்லை' எங்கே இருக்கிறது? இங்கே சேகரிப்பவர்கள் சர்வே எண், உட்பிரிவு, வாய்மொழிப் பெயர், சொன்னவர், அவர் வயது, தேதி ஆகிய ஆறையும் ஒரே தாளில் எழுதி வைத்தால் போதும்.