விசுவாசம் மட்டும் போதுமா?

புரசைவாக்கத்து லுத்தரன் ஆலயத்தில் 'இரட்சிப்பு', 'கிருபை' என்பார்கள். சாந்தோம் பேராலயத்தில் அதற்கே 'மீட்பு', 'அருள்'. சொல் வித்தியாசம் இருக்கட்டும், கருத்திலும் ஒரு விரிசல் உண்டு.

லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் சொன்னது: மனிதன் நீதிமானாவது, அதாவது கடவுள் முன் ஏற்கப்படுவது, விசுவாசத்தால் மட்டுமே. ஆதாரம் பைபிளில் ரோமர் 3:28. 1522இல் வெளிவந்த தன் ஜெர்மன் மொழிபெயர்ப்பில், மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்ற சொல்லை அங்கே சேர்த்தார். கேள்வி எழுந்தபோது, ஜெர்மன் நடைக்கு அது வேண்டும் என்றார்; துணிச்சல்தான். அவர் பார்வையில் நீதி கிறிஸ்துவுடையது, அது நம் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. நற்செயல் அதன் கனி, விலை அல்ல.

கத்தோலிக்கர்களுக்கு 1547இல் திரெந்துச் சங்கம் என்ற ஆயர்கள் மாநாடு வகுத்தது வேறு. தொடக்கம் அருளே, அதை யாரும் சம்பாதிக்க முடியாது. ஆனால் அது ஆளையே உள்ளுக்குள் மாற்றுகிறது. அவரும் ஒத்துழைத்து வளர வேண்டும், சாவான பாவத்தால் (மிகக் கடுமையான பாவம்) அதை இழக்கவும் கூடும். 'புண்ணியம் செய்து மோட்சம் வாங்குகிறவர்கள்' என்று இவர்களைக் கேலி செய்வது தப்பு.

சாகக் கிடப்பவரின் கட்டிலருகே நிற்கும்போது லுத்தர் சொன்னதே எனக்கு ஆறுதல். ஆனால் ஆராதனை முடிந்து வாசலில் ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டும்போது யாக்கோபு 2:24 நினைவுக்கு வருகிறது: 'விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்'.

இரு தரப்பும் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில், நீதிமானாவது பற்றிய அடிப்படை உடன்பாட்டைச் சொல்லும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மெதடிஸ்ட்டுகள் 2006இல் சேர்ந்துகொண்டார்கள்.