தாய்க்கோழியா, புரூடரா?

காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் நாட்டுக்கோழிக் குஞ்சுகளைத் தாய்க்கோழியோடு விட்டும், புரூடர் என்னும் செயற்கைச் சூடு தரும் அடைப்பில் வைத்தும், இரண்டு விதமாகவும் வளர்த்துப் பார்த்துவிட்டோம். 21 நாளில் பொரிந்து வரும் குஞ்சுக்குக் கொத்தத் தெரியும், எதைக் கொத்துவது என்றுதான் தெரியாது. கல், எச்சம், தன் கால்விரல் எல்லாவற்றையும் கொத்தும். வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள்கரு இரண்டு மூன்று நாள் தாங்கும், அதற்குள் பாடம் ஏற வேண்டும். தீனி அகப்பட்டால் அதே மாதிரிப் பொருளை மறுபடி தேடும். கசப்பான பூச்சியை ஒரே கொத்தில் ஒதுக்கக் கற்றுவிடும்.

தாயோடு விட்டால் இந்தப் பாடம் வேகமாக நடக்கிறது. தாய் கறையானைக் கிளறி, அலகால் எடுத்துக் கீழே போட்டு, 'கொக் கொக்' என்று கூப்பிடும். ஓடி வந்த குஞ்சுக்கு உடனே பலன். அப்புறம் அந்தக் குரல் கேட்டாலே போதும், பறந்தடித்து வரும். பருந்து வட்டமிட்டால் தாயின் குரலே மாறும், குஞ்சுகள் பதுங்கிவிடும். பார்க்கப் பார்க்க எனக்கு அலுக்காத காட்சி இது.

புரூடரில் கூப்பிட ஆளில்லை. முதல் வாரம் சுமார் 35 டிகிரி சூடு, செய்தித்தாள் மேல் குருணை. தாளை விரலால் தட்டினால் வந்து கொத்தும், ஒன்றைப் பார்த்து மற்றதும் கொத்தும். தண்ணீரில் அலகை ஒருமுறை நனைத்துவிட வேண்டும். ஆயிரக்கணக்கில் வளர்க்கும் பல்லடம், நாமக்கல் பண்ணைகளுக்கு இதுதான் வழி.

பத்துப் பதினைந்து குஞ்சு என்றால் நான் தாயிடமே விடுவேன். கீரி ஒன்றிரண்டைத் தூக்கிப் போனாலும் சரி, மேயத் தெரிந்த கோழி மிஞ்சும்.