அளவு மாறிய வயிற்றோடு மதுரையில் ஐந்து வாரம்

2025 ஜனவரி 8ஆம் தேதி மதுரையில் வந்திறங்கியபோது என் பெட்டியில் ஐந்து வாரத்துக்கான மாத்திரைகளும், மருத்துவமனை எழுதித் தந்த சிகிச்சைச் சுருக்கத்தின் மூன்று நகல்களும், இடுப்பளவு 46 அங்குலம் கொண்ட நான்கு பேண்ட்டுகளும் இருந்தன. பேண்ட்டுகளை எதற்காகச் சுமந்து வந்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பதினாறு ஆண்டுகளாக இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வசிக்கிறேன். 131 கிலோ எடையும், மாத்திரைக்கு அடங்காத சர்க்கரையும், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் தொல்லையுமாக இருந்த எனக்கு, 2022 செப்டம்பரில் அரசு மருத்துவச் சேவையின் வழியாக கேஸ்ட்ரிக் பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். இரைப்பையின் மேற்பகுதியில் முட்டையளவுக்கு ஒரு சிறு பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலில் சற்றுக் கீழே உள்ள பகுதியோடு நேரே இணைத்துவிடுவார்கள். உணவு முன்சிறுகுடலைத் தொடாமலே இறங்கிவிடும். பசி அடங்குவதற்கும் சர்க்கரை கட்டுக்குள் வருவதற்கும் இந்த மாற்றம் எவ்வளவு காரணமோ, அவ்வளவே இரும்புச்சத்தும் கால்சியமும் உடம்பில் சரியாகச் சேராமல் போவதற்கும் காரணம். ஒன்றரை ஆண்டில் 82 கிலோவுக்கு வந்துவிட்டேன். அறுவைச் சிகிச்சைப் பிரிவின் நேரடிக் கண்காணிப்பு இரண்டு ஆண்டுகளோடு முடிந்துவிடும். அதன்பின் ஆண்டுக்கொரு முறை குடும்ப மருத்துவரிடம் பரிசோதனை, அதுவும் ஆயுள் முழுக்க. உணவு ஆலோசகரை நான் கடைசியாகச் சந்தித்தது 2024 செப்டம்பரில். டிசம்பரில் எடை 87 கிலோ. கேள்வி கேட்க ஆளில்லாத மூன்று மாதத்தில் ஐந்து கிலோ ஏறியிருந்தது. எடைக் கருவியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு ஊருக்கு டிக்கெட் எடுத்தேன்.

மூன்று ஆண்டுகளாக என்னைப் பார்க்காத உறவினர்களுக்கு என் உருவம் அதிர்ச்சியாக இருந்தது. வெளிநாட்டில் மெலிந்தவனைப் பாராட்டுவார்கள். நம் ஊரில் மெலிவுக்கு ஒரே பொருள்தான். "என்னய்யா இப்புடி வத்திப் போயிட்ட, சுகரா?" என்று அத்தை கேட்டபோது, சுகர் போய்விட்டது என்பதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சிரித்து வைத்தேன். அறுவைச் சிகிச்சையை மறைத்ததற்குப் பொங்கலன்று தண்டனை கிடைத்தது. வற்புறுத்தலுக்கு இணங்கி ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டேன். இருபது நிமிடத்துக்குள் உடம்பு வியர்த்து, நெஞ்சு படபடத்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. இனிப்பு தடையில்லாமல் சிறுகுடலில் பாய்ந்து அங்கே நீரை இழுப்பதால் வருகிற இதை மருத்துவர்கள் டம்பிங் என்பார்கள், படுத்திருந்தால் அடங்கிவிடும். வீட்டாருக்கோ அது மாரடைப்பு. ஆட்டோ வாசலுக்கு வந்துவிட்டது. கூடத்தில் படுத்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "வயித்தையா வெட்டிக்கிட்ட?" என்று அழுத அத்தை, அன்றிரவு முதல் எனக்கென்று ஒரு சின்னக் கிண்ணத்தை ஒதுக்கினார். அந்தக் கிண்ணத்தை நான்கு முறை நிரப்பினார் என்பது வேறு விஷயம்.

ரத்தப் பரிசோதனையைப் பொறுத்தவரை ஊரைக் குறை சொல்ல முடியாது. லெஸ்டரில் ரத்தம் எடுக்க மட்டுமே இரண்டு வாரம் காத்திருந்திருக்கிறேன். இங்கே முதல் நாள் மாலை போன் செய்தால் மறுநாள் காலை ஆறரை மணிக்கு ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து ரத்தம் எடுத்துச் சென்றார். இருட்டுவதற்குள் முடிவுகள் வாட்ஸ்அப்பில் வந்தன. எனினும் ஓர் எச்சரிக்கை. முழு உடல் பரிசோதனை என்று அவர்கள் விற்கும் தொகுப்பில் அறுபதுக்கும் மேற்பட்ட எண்கள் இருந்தனவே தவிர, என்னைப் போன்றவர்களுக்கு வேண்டிய, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும், வைட்டமின் பி12-உம், பாராதைராய்டு ஹார்மோனும் அதில் இல்லை. தொகுப்பை விட்டுவிட்டுத் தேவையானவற்றைத் தனித்தனியாகக் கேட்டதற்கு 2,600 ரூபாய் ஆயிற்று. ஃபெரிட்டின் 14, குறைவு. மாத்திரையை நான் ஒழுங்காக விழுங்காததை அந்த எண் காட்டிக்கொடுத்தது.

மூன்று மாதத்துக்கொரு முறை போடும் பி12 ஊசியின் முறையும் அப்போது வந்தது. அங்கே எனக்குப் போடுவது ஹைட்ராக்சோகோபாலமின். தெருமுனை மெடிக்கலில் இருந்தது அதே வைட்டமினின் வேறொரு வடிவமான மெத்தில்கோபாலமின். மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஆனால் இதே பயணத்தில் முதுகு பிடித்துக்கொண்டு வேறொரு கிளினிக்குக்குப் போனபோது நடந்தது மறக்கக்கூடியது அன்று. வரிசையில் நாற்பது பேர். என் பேச்சை முழுதாகக் கேட்காமலே அசெக்ளோஃபெனாக் எழுதிவிட்டார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு இவ்வகை வலி மாத்திரைகள் இணைப்பு இடத்தில் புண்ணை உண்டாக்கும் என்பதால் தவிர்க்கச் சொல்வார்கள். சிகிச்சைச் சுருக்கத்தின் நகலை மேசையில் வைத்த பிறகே அது பாராசிட்டமால் ஆயிற்று. மூன்று நகல்கள் எதற்கு என்று மனைவி சிரித்தது நினைவுக்கு வந்தது.

நான் மிகவும் அஞ்சியது உணவுக்குத்தான், நடந்தது நேர்மாறு. வெளிநாட்டு உணவகங்களில் எனக்குள்ள சங்கடம் தட்டின் அளவு: ஒருவருக்கென்று வருவதில் கால் பங்கைத்தான் உண்ண முடியும், மீதியைப் பார்த்துப் பரிமாறுபவர் முகம் சுளிப்பார். மதுரையில் ஒரு கரண்டி, ஓர் எண்ணிக்கை, ஒரு பொட்டலம் என்று எதையும் வாங்கலாம். நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் சேர வேண்டும், ஒரு வேளைக்குக் கைப்பிடிக்கு மேல் இறங்காது என்ற கணக்கோடு வாழ்பவனுக்கு இதைவிட வசதியான ஊர் கிடையாது. இரவில் பரோட்டாக் கடைக்கு நண்பர்களோடு தயங்காமல் போனேன். அவர்கள் பரோட்டா சாப்பிட, நான் ஒரு கலக்கி. அரைவேக்காட்டில் மிருதுவாகச் சுருட்டித் தரும் இந்த முட்டை, அறுவைச் சிகிச்சைக்காரர்களை நினைத்தே கண்டுபிடித்தது போல வழுக்கிக்கொண்டு இறங்குகிறது; விலை இருபத்தைந்து ரூபாய், புரதம் ஏறக்குறைய 6 கிராம். மதியம் மெஸ்களில் மட்டும் ஒரு தகராறு இருந்தது. "சோறு வாங்காம குழம்பு மீன் மட்டும் தர முடியாது சார்" என்று ஒரு கடையில் மறுத்துவிட்டார்கள். அடுத்த தெருவில் மெஸ் நடத்தும் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஆப்பரேசன் வயிறா, அப்ப முள்ளு இல்லாத துண்டாத் தரேன்" என்று இரண்டு துண்டு மீனும் ஓர் அவித்த முட்டையும் வைத்து அறுபது ரூபாய் வாங்கினார். இரண்டாம் நாள் நான் அமர்ந்ததும் தண்ணீர் டம்ளரை எடுத்துவிட்டார். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்று நான் முதல் நாள் சொன்னதை நினைவில் வைத்திருக்கிறார். அண்ணா நகர் உழவர் சந்தையிலும் இதே கதைதான். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையாக 1999இல் திறக்கப்பட்ட அந்த இடத்தில் நூறு கிராம் மொச்சை கேட்டதற்கு யாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை.

ஜிகர்தண்டா? இரண்டு ஸ்பூன், நண்பனின் கோப்பையிலிருந்து. அதற்கு மேல் கேட்காதீர்கள்.

நடைக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைப் பிடித்துக்கொண்டேன். திருமலை நாயக்கர் வெட்டிய அந்தக் குளத்தின் ஒரு பக்கம் ஏறக்குறைய முந்நூறு மீட்டர் என்பதால், நான்கு பக்கமும் சுற்றினால் ஒன்றேகால் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காலையில் நான்கு சுற்று. அங்கே நடப்பவர்கள் யாரும் எடை குறைந்ததற்காக என்னைப் பாராட்டவில்லை, ஏனென்றால் பழைய என்னை அவர்களுக்குத் தெரியாது. முதல் ஆண்டில் என்னை ஓடவைத்தது பாராட்டுதான். வாரத்துக்கு வாரம் எடை இறங்கும்போது அலுவலகத்தில் ஆளுக்கொரு வார்த்தை சொல்வார்கள். இறக்கம் நின்றதும் வார்த்தையும் நின்றுபோனது, கூடவே என் முயற்சியும். தெப்பக்குளத்தில் கேட்ட ஒரே கேள்வி, ஒரு நாள் வராமல் மறுநாள் போனபோது எதிரே வந்த பெரியவர் கேட்டது: "நேத்து காணோமே?" அந்தக் கேள்விக்குப் பயந்தே மற்ற நாட்களில் போனேன் என்றால் மிகையாகாது.

மெடிக்கல் வாசலில் ஒரு எடை மெஷின் இருந்தது. ஐந்து ரூபாய். பரணில் போட்டதை இங்கே தேடிப் போய் ஏறினேன். கடைக்காரர் சனிக்கிழமைதோறும் என் எடையைப் பில்லின் பின்பக்கத்தில் குறித்துத் தந்தார்: 87.4, 86.8, 87.1, 85.9. மூன்றாவது எண்ணைப் பார்த்து நான் சோர்ந்தபோது, "கல்யாண வாரம் சார், எல்லாருக்கும் ஏறும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு மாத்திரை எடுக்கப் போய்விட்டார். லெஸ்டரில் இதே செய்தியை உணவு ஆலோசகர் நாற்பது நிமிடத்தில் சொல்வார்.

இனி பேண்ட்டுகள். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில் இருந்த தையல் கடைகளை இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிறுவயதில் தூண்களுக்கு நடுவே மெஷின்கள் தடதடக்கக் கேட்ட எனக்குப் புதிய கட்டடம் சப்பென்று இருந்தாலும், கை வேகம் குறையவில்லை. நல்ல துணி என்பதால் தூக்கிப்போட மனம் வராமல் வைத்திருந்த நான்கையும் விரித்தேன். தையல்காரர் ஒன்றைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "இது யாரோடது, அண்ணனோடதா?" என்றார். என்னுடையது என்றேன். நம்பாமல் டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றினார். 36. பத்து அங்குலத்தைப் பிடித்துத் தைத்தால் பின்பாக்கெட்டுகள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், முழுக்கப் பிரித்து வெட்டித்தான் தைக்க வேண்டும் என்று விளக்கி, பேண்ட்டுக்கு 250 ரூபாய் கேட்டார். வெட்டுவதற்கு முன் சாக்கட்டியோடு நிமிர்ந்து பார்த்தார்.

"உள்ள மூணு இஞ்சு துணி விட்டுத் தைக்கவா சார்? திரும்ப உடம்பு வச்சா பிரிச்சுக்கலாம்."

ஒன்றும் விடாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சட்டைப் பையில் அந்த நான்கு எண்கள் எழுதிய பில் இருந்தது.

"ஒரு இஞ்சு விடுங்கண்ணே," என்றேன்.