டெர்மடோமயோசைட்டிஸுக்கு ஐவிஐஜி ஏற்றும் டே கேர் வார்டு: 5க்கு 3.5

அக்காவுக்கு வந்தது தோலையும் தசையையும் தாக்கும் டெர்மடோமயோசைட்டிஸ். கண் இமையில் ஊதாத் தடிப்பு, விரல் முட்டிகளில் சிவந்த திட்டுகள், அப்புறம் தலைவாரக் கை தூக்க முடியாமல், கடைசியில் சாதம்கூட விழுங்க முடியாமல் போனது. ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்சேட்டும் போதாமல்தான் ஐவிஐஜிக்கு வந்தோம்.

ஆயிரக்கணக்கானோரின் ரத்தப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்து, ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் இம்யூனோகுளோபுலின், அதாவது நோய் எதிர்ப்புப் புரதம் இது. கிலோவுக்கு 2 கிராம், 4 வாரத்துக்கு ஒருமுறை, அதையும் 2 முதல் 5 நாளாகப் பிரித்து ஏற்றுவார்கள். 60 கிலோ ஆளுக்கு 120 கிராம், அதாவது 10 கிராம் பாட்டில் 12, செலவை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பலன் உண்டா என்றால், 2022இல் வெளியான ப்ரோடெர்ம் ஆய்வில் 16 வாரத்தில் 79 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், டம்மி மருந்து ஏற்றியவர்களில் 44.

நர்ஸ்கள் அருமை. மெதுவாகத் தொடங்கி, பிபி பார்த்துப் பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டினார்கள், தலைவலி என்றதும் உடனே குறைத்தார்கள். ரத்தம் உறையும் அபாயம் இருப்பதால் கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ சொல்லுங்கள் என்று கேட்காமலே விளக்கினார்கள்.

பில்லிங் கவுன்டர் மட்டும் வேறு உலகம். இன்ஷூரன்ஸ் ஒப்புதல் வரவில்லை என்று, நடக்கவே முடியாதவரை மதியம் வரை வராண்டாவில் உட்கார வைத்தார்கள். ஏசி குளிருக்குப் போர்வையும் கேட்டால்தான்.

அக்காவுக்கு முதலில் விழுங்குவது சரியானது, தோல் இன்னும் தேறவில்லை. போகிறவர்கள் ஜன்னலோரப் படுக்கை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், வெயில் பட்டால் தடிப்பு மறுபடி கிளம்பும்.