‘ஹௌல்ஸ் மூவிங் காஸில்’: நாவிலிருந்து முகத்துக்கு வந்த மந்திரம்

பிரிட்டிஷ் எழுத்தாளர் டயானா வின் ஜோன்ஸ் 1986இல் எழுதிய மாயாஜால நாவலான ‘ஹௌல்ஸ் மூவிங் காஸி’லை, ஜப்பானிய அனிமேஷன் நிறுவனமான ஸ்டூடியோ ஜிப்லிக்காக இயக்குநர் ஹயாவோ மியாசாகி 2004இல் அனிமேஷன் படமாக எடுத்தார். முதலில் மமோரு ஹொசோடா இயக்குவதாக இருந்து, அவர் விலகிய பிறகே படம் மியாசாகியின் கைக்கு வந்தது. 119 நிமிடம் ஓடும் இந்தப் படத்தை நான் முதன்முறை பார்த்தபோது நாவலைப் படித்திருக்கவில்லை. இப்போது நாவலை முடித்த கையோடு மறுபடியும் பார்த்தேன். கதையில் பாதிக்கு மேல் மாற்றிவிட்ட ஒரு படம், மூலத்தின் உயிரான ஓர் இடத்தை மட்டும் இவ்வளவு சரியாகப் பிடித்திருப்பதுதான் என்னை எழுத வைக்கிறது. கதையின் திருப்பங்களைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது என்பதால், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

தொப்பிக் கடையில் வேலை செய்யும் சோஃபி என்ற இளம்பெண், ஒரு சூனியக்காரியின் சாபத்தால் தொண்ணூறு வயதுக் கிழவியாகிறாள். தன் மேல் இருக்கும் சாபத்தைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவும் அவளால் முடியாது. வீட்டை விட்டுக் கிளம்பி, ஹௌல் என்ற மந்திரவாதியின் நகரும் கோட்டைக்குள் புகுந்து, தானாகவே துப்புரவு வேலையை எடுத்துக்கொள்கிறாள். இளமையிலேயே முதுமையைக் கேட்டு வாங்கிக்கொண்ட ஔவையின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, கிழவியான பிறகு சோஃபிக்கு வரும் துணிச்சல் புதிதாகத் தோன்றாது.

நாவலில் சோஃபியின் மந்திரம் அவள் நாக்கில் இருக்கிறது. கடையில் தனியாக உட்கார்ந்து தைக்கும்போது ஒவ்வொரு தொப்பியோடும் அவள் பேசுகிறாள். உனக்குத் தங்கமான மனசு, பெரிய இடத்து மனிதர் ஒருவர் அதைக் கண்டு காதலிப்பார் என்று ஒரு தொப்பியிடம் சொல்கிறாள். அதை வாங்கிப்போன பெண் சில நாளில் ஒரு பிரபுவோடு ஓடிப்போகிறாள். தன் பேச்சு பலிக்கிறது என்பது சோஃபிக்குத் தெரியாது. மூன்று பெண்களில் மூத்தவள் தான், மூத்தவளுக்கு எதுவும் விளங்காது என்று தன்னைப் பற்றியும் அதே நாக்கால் அவள் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் நாவலின் ஆழமான துயரம். சாபத்தை நீக்கத் தான் பலமுறை முயன்றதாகவும், அவளே அந்த வேடத்தை விரும்பி வைத்துக்கொண்டிருப்பதாக முடிவுக்கு வந்ததாகவும் ஹௌல் பின்னால் ஓரிடத்தில் சொல்கிறான்.

ஜோன்ஸ் ஒரே வாக்கியத்தில் கடந்துபோகும் அந்த இடத்தை மியாசாகி படத்தின் முதுகெலும்பாக ஆக்கிவிட்டார். படத்தில் தொப்பியோடு பேசும் மந்திரம் கிடையாது. பதிலாக, சோஃபியின் வயது அவள் தன்னைப் பற்றி நினைக்கும் நினைப்புக்கு ஏற்ப ஏறி இறங்குகிறது. அரண்மனையில் அரசரின் தலைமை மந்திரவாதியான சுலிமான் அம்மையாரின் முன் நின்று ஹௌலுக்காக வாதாடும்போது, ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே அவள் முகச் சுருக்கங்கள் கரைகின்றன, கூன் நிமிர்கிறது, கண்ணில் ஒளி வருகிறது. நீ அவனைக் காதலிக்கிறாய் என்று சுலிமான் சொன்ன மறுகணம், பிடிபட்டவளைப் போல முகம் சுருங்கிக் கிழவியாகிவிடுகிறாள். பூத்துக் கிடக்கும் புல்வெளியில் இளமையாக நிற்பவள், தான் அழகி இல்லை என்ற நினைப்பு வந்ததும் மறுபடி மூப்படைகிறாள். இதை யாரும் விளக்குவதில்லை. எழுத்தில் இப்படி வயதை மாற்றினால் ஒவ்வொரு முறையும் வாசகருக்குச் சொல்லியாக வேண்டும். கையால் வரைந்த படத்தில் நாலைந்து கோடுகள் குறைந்தாலே போதும். நாவலைப் படமாக்குவது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதனால்தான் ஜப்பானிய ஒலியோடு பார்க்கும்படி வற்புறுத்துவேன். அறுபதைக் கடந்திருந்த சியேகோ பைஷோ, பெண்ணுக்கும் கிழவிக்கும் தாம் ஒருவரே குரல் கொடுத்திருக்கிறார். முகம் மாறும்போது அதே தொண்டைக்குள் குரலும் மெல்ல நகர்வது காதில் விழும். ஆங்கில டப்பிங்கில் இளம் சோஃபிக்கு எமிலி மார்ட்டிமரும் முதிய சோஃபிக்கு ஜீன் சிம்மன்ஸும் பேசுகிறார்கள். இருவரும் தேர்ந்த நடிகைகள்தான், ஆனால் ஒருத்தி இரண்டு பேராகப் பிரிந்துவிடுகிறாள்.

நாவலின் கோட்டை மலைமேட்டில் மிதந்து திரியும் கறுப்புக் கோபுரம். படத்தின் கோட்டையோ தகரமும் புகைபோக்கியும் ஒட்டுப்போட்ட வீடுமாகக் கோழிக்கால்களில் கிரீச்சிட்டு நடக்கிறது. உள்ளே, நெருப்புப் பூதமான கால்சிஃபரின் தலைமேல் வாணலியை வைத்து ஹௌல் பன்றி இறைச்சியும் முட்டையும் பொரிக்க, உடைத்த முட்டை ஓடுகளைக் கால்சிஃபர் வாய் திறந்து விழுங்கும் காட்சியில் பசி எடுக்காமல் இருப்பது கடினம். ஜோ ஹிசாய்ஷியின் வால்ட்ஸ் இசை பார்த்து முடித்த பின்னும் நாள்கணக்கில் உடன் வருகிறது.

குறைகள் படத்தின் கடைசி அரைமணி நேரத்தில் இருக்கின்றன. நாவலில் பின்னணியில் மட்டுமே இருந்த போரைப் படம் முன்னால் கொண்டுவருகிறது. 2003இல் தொடங்கிய இராக் போரின் பாதிப்பு படத்தில் இருப்பதை மியாசாகியே சொல்லியிருக்கிறார். குண்டுவீச்சில் நகரம் எரியும் காட்சிகளில் அந்தக் கோபம் உண்மையாகவே சுடுகிறது. ஆனால் யார் யாரோடு எதற்காகப் போரிடுகிறார்கள் என்பது கடைசிவரை தெளிவாவதில்லை. முடிவில் சுலிமான் போதும் என்று நினைத்ததும் போர் முடியப்போகிறது. டர்னிப் கிழங்கைத் தலையாகக் கொண்ட சோளக்கொல்லைப் பொம்மையாக வந்த டர்னிப் தலையன் திடீரென்று இளவரசனாகிறான். ஜோன்ஸ் ஒவ்வொரு முடிச்சையும் முன்னரே போட்டுவைத்து, கடைசி அத்தியாயங்களில் ஒன்றுவிடாமல் அவிழ்ப்பவர். அந்தக் கச்சிதம் இங்கே இல்லை. ஹௌல் உண்மையில் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ஹௌவெல் ஜென்கின்ஸ் என்பதும், கோட்டைக் கதவு அவனுடைய அக்காவின் வீட்டுக்குத் திறக்கும் அருமையான பகுதியும் படத்தில் இல்லாதது எனக்குப் பெரிய இழப்பு. ஆகவே படத்தை முதலில் பார்த்துவிட்டு நாவலுக்குப் போவதே இரண்டுக்கும் நியாயம் செய்யும் வழி.

நாவலின் முடிவில் சோஃபிக்குச் செம்பொன் நிறக் கூந்தல் திரும்பக் கிடைக்கிறது. படத்தில் சாபம் நீங்கி முகம் இளமையான பின்னும் கூந்தல் மட்டும் வெள்ளியாகவே நிற்கிறது. கண் விழிக்கும் ஹௌல் அதைப் பார்த்து, நட்சத்திர ஒளியின் நிறம் என்கிறான்; சோஃபி இம்முறை முகம் சுருங்கவில்லை.